நகமும் விழிப்பும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் தலையாயது கொல்லாமை. அதற்கு இழுக்கு உண்டாக்கும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் வகுத்தருளினார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றை இளமை தொட்டே மனப்பாடம் செய்தோம். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தோம். ஆயினும் அவற்றின் பொருளை முதுமையில் ஒரு பூனையிடம் கற்க வேண்டியதாயிற்று.

பூனை முதலிய ஊனுண் விலங்குகளை ஆசையால் வளர்த்தல் சிராவகர்க்கு ஆகாது என்பது ஆன்றோர் அறிவுரை. நாமும் தேடி வளர்க்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்று நம் திண்ணையிலேயே தங்கிவிட்டது. அடைக்கலம் புகுந்ததை விரட்ட மனம் வரவில்லை. ஆண்டுகள் சென்றன. முதுமையால் அது தூணைப் பிறாண்டுவதையும் நிறுத்தியது. நகங்கள் நீண்டு, நடக்கும்போது தரையில் தட்டும் ஒலி கேட்டது. “பாட்டி, நகத்தை வெட்டிவிடலாமா?” என்று பேத்தி கேட்டாள். “உறுப்பறுத்தல் அதிசாரமாயிற்றே, வேண்டாம்” என்று தடுத்துவிட்டோம்.

சில வாரங்களில் அது நொண்டத் தொடங்கிற்று. கால்நடை மருத்துவர் முன்காலின் உட்புறத்துச் சிறு விரலைக் காட்டினார். அவ்விரல் தரையைத் தொடுவதில்லை; ஆதலால் அதன் நகம் தேய்வதுமில்லை. வளையம்போல் வளர்ந்து விரலடிச் சதையிலேயே குத்திப் புண்ணாக்கியிருந்தது. விரதம் காத்தோம் என்று நாம் மகிழ்ந்திருந்த நாட்களெல்லாம் அவ்வாயில்லா உயிர் வலியோடு நடந்திருக்கிறது.

புண் ஆறியபின் நாமே வெட்டத் துணிந்தோம். மாலை மங்கலில், சமையல் வேலைக்கிடையே, அவசரமாக வெட்டியதில் குருதி கசிந்தது. அன்று இரவு உறக்கம் வரவில்லை.

வெட்டாதது ஒரு பிழை; வெட்டியது ஒரு பிழை. இரண்டிற்கும் வேர் ஒன்றே. அதற்குச் சாத்திரம் இட்ட பெயர் பிரமாதம். பேச்சு வழக்கில் பிரமாதம் என்றால் சிறப்பு, சாத்திரத்திலோ விழிப்பின்மை. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது ஆசாரியர் கொண்ட இலக்கணம். கையிலுள்ள கருவியைப் பார்த்து இம்சையை அளந்தோம். நம் மனத்தைப் பார்க்க மறந்தோம்.

விழிப்போடு செய்யும் முறையை மருத்துவரிடம் கற்றோம். பூனைக்கு முன்காலில் ஐந்தும் பின்காலில் நான்குமாக நகங்கள் பதினெட்டு. உறங்கி எழுந்த வேளையில் மடியில் இருத்தி, விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் உறையிலிருந்து நகம் வெளிவரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது குருதியும் உணர்வும் ஓடும் பகுதி, அதைத் தீண்டலாகாது. அதற்கு முன்னே வளைந்திருக்கும் வெண்ணுனியை மட்டும் நீக்க வேண்டும். நுனிக்கு உணர்வில்லை. திமிறினால் விட்டுவிடலாம், எஞ்சியதை மறுநாள் பார்க்கலாம். தவறிக் குருதி வந்தால் சோளமாவை வைத்துத் தூய துணியால் அழுத்த வேண்டும். மரமேறி வெளியே திரியும் பூனைக்கு நகமே காவல். அதைக் குறைத்தல் தகாது. பகலுணவு நோன்புடைய நமக்கு வெளிச்சத்தின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. நகம் நறுக்குவதற்கும் பகலே ஏற்றது.

உறுப்பறுத்தல் எது என்பதும் அறியத்தக்கது. நாற்காலி மெத்தை கிழிகிறதென்று பூனையின் நகங்களை அறவே நீக்கும் அறுவை சில நாடுகளில் உண்டு. நகம் எலும்போடு பிணைந்ததாகலின், ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் அதில் வெட்டப்படுகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-இல் இதனைத் தடை செய்தது. நம் பொருளைக் காக்க ஓர் உயிரின் உறுப்பை அறுப்பது ஐயமின்றி அதிசாரம். அதன் வலியைத் தீர்க்க உணர்வற்ற நுனியை நீக்குவது வையாவிருத்தியை ஒத்த தொண்டு. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் இவ்வேறுபாட்டை மறவாதிருப்பார்களாக.

இப்பொழுது பேத்தி காலைப் பிடிக்கிறாள். நாம் கண்ணாடி அணிந்து நுனியைப் பார்க்கிறோம். ஒவ்வொரு நகத்திற்கும் ஒருகணம் நிதானிக்கிறோம். அந்த நிதானமே நோன்பு. கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கும் நம்முள் வளரும் நகங்களே. பாராமல் விட்டால் அவை நம்மையே குத்தும். அவற்றையும் விழிப்போடு குறைத்து வருவோமாக.

அறம் வாழ்க!