மீதி மூவர்

என் பேத்திக்கு ஐந்து வயது. பென்சிலை இடக்கையால் பிடிக்கிறாள். “வாப்பா, நீங்க மாஸ்டரா இருந்தவங்கதானே, இவள்ட கையைக் கொஞ்சம் திருத்திவிடுங்க” என்றாள் மகள்.

திருத்துவதற்கு அங்கே என்ன பிழை இருக்கிறது? நாற்பது வருடங்களுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அப்போது இரண்டாம் வகுப்பில் ஒருவன் இடக்கையால் எழுதினான். அடிமட்டத்தால் விரல்களில் அடித்தேன். வலக்கைக்கு மாறினான். எழுத்துக் கோணியது, கொப்பி எழுதி முடிவதில்லை. அவனை ‘மந்தம்’ என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதியவனும் நான்தான்.

இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வொன்று, இடக்கைப் பழக்கமுள்ளோர் நூற்றுக்கு 10.6 பேர் என்கிறது. பெண்களைவிட ஆண்களில் சற்று அதிகம். எந்தக் கை என்பதன் சாயல் கருவறையிலேயே தெரிகிறது. ஆனால், அமெரிக்காவில் 1900ஐ ஒட்டிப் பிறந்தோரில் இடக்கையால் எழுதியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர், நால்வர்தான். 1950க்குப் பின் பிறந்தோரில் பத்துக்கும் மேல். இரண்டு தலைமுறைக்குள் மனிதனின் பிறவி மாறிவிடாது. மாறியது, அடிக்க ஓங்கிய பெரியவர்களின் கை.

என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கணக்குப்படி நால்வர் இருந்திருக்கலாம். நான் கண்டது ஒருவனைத்தான். மீதி மூவர் எங்கே? வீட்டிலேயே அடிபட்டு மாறியிருப்பார்கள். அல்லது அவன் அடிவாங்குவதைப் பார்த்துத் தாமாகவே கையை மாற்றியிருப்பார்கள்.

வலக்கையால் உண்பது நபிவழியல்லவா என்று கேட்கலாம். ஆம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே தட்டில் தம்மோடு உண்ட சிறுவனின் கை அங்குமிங்கும் அலைந்தபோது, நபி (ஸல்) அவர்கள் இதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அடிக்கவில்லை. அது உணவின் ஒழுங்கு. எழுதுகோலைப் பற்றி அங்கே பேச்சில்லை. பெரும்பான்மையின் வழக்கத்துக்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிட்டவன் நான்.

இந்நாட்டில் நாமும் நூற்றுக்குப் பத்துப்பேரளவில் வாழ்கிறவர்கள். எண்ணிக்கையில் குறைந்தோரைப் ‘பிழை’ என்பது எவ்வளவு வலிக்கும் என்பதை நாமல்லவா முதலில் அறிந்திருக்க வேண்டும்?

பேத்தி பிஸ்மி சொல்லி வலக்கையால் சாப்பிடுகிறாள்; இடக்கையால் எழுதுகிறாள். இரண்டும் அழகாகத்தான் இருக்கின்றன.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். அதனால்தான் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.