பெயர் கேளாத தொண்டு



நாயன்மார்களில் அப்பூதி அடிகள் என்றதும், பாம்பு தீண்டிய அவர் பிள்ளையை அப்பர் பெருமான் பதிகம் பாடி எழுப்பியதுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அதற்கு முன்னால் நடந்த ஒன்றை இன்று நிதானமாகச் சிந்திப்போம்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். அப்பர் சுவாமிகள் வெயிலில் நடந்து வருகிறார். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். மேலே நல்ல நிழல். கீழே குளிர்ந்த மணல். நிறைய நிறையத் தண்ணீர். வருவோர் போவோர் தாகம் தீரக் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பந்தலில் திருநாவுக்கரசு என்று தம் பெயரே எழுதியிருப்பதைப் பார்க்கிறார். இதை வைத்தவர் யார் என்று விசாரிக்கிறார். அப்பூதி அடிகள் வைத்தது. சாலை, குளம், சோலை என்று அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான் என்கிறார்கள்.

அவர் வீட்டுக்கே போய், இத்தனை அறம் செய்தும் உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதக் காரணம் என்ன என்று அப்பர் கேட்கிறார். வந்திருப்பவர் யாரென்று தெரியாத அப்பூதியாருக்கு மனம் கொதித்துவிட்டது. என் குருநாதரையா வேறொருவர் என்று சொன்னீர் என்று பதறுகிறார். அந்தக் குருநாதரை அவர் அதுவரை கண்ணால் கண்டதுகூட இல்லை!

செலவு இவருடையது, உழைப்பு இவருடையது, பெயர் மட்டும் குருவினுடையது. 'நான் செய்தேன்' என்ற எண்ணம் போன இடத்தில்தான் தொண்டு வேர் பிடிக்கிறது. அப்படி வேர் பிடித்த தொண்டு, செய்தவர் போன பின்பும் நிற்கும்.

வடலூரைப் பாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளற்பெருமான் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் மனமுவந்து கொடுத்தார்கள். சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை. பசி ஒன்றையே பார்த்துச் சோறு போட்டார்கள். 1874-இல் பெருமான் சித்தியடைந்தார். இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஆனாலும் தருமச்சாலை தொடங்கிய நாளில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வருகிறவர்களுக்கு அன்னம் கிடைக்கிறது. யாரோ ஒருவர் அரிசி கொண்டுவருகிறார், இன்னொருவர் காய் நறுக்குகிறார், வேறொருவர் பரிமாறுகிறார்.

அது அருளாளர்களின் காலம், இந்தக் காலத்தில் நடக்குமா என்று கேட்பீர்கள். மதுரையில் நடந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளமையிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். வசதி உள்ளவர் கட்டணம் கொடுப்பார். அந்த வருமானத்திலேயே இல்லாதவருக்கும் பார்வை கிடைக்கும். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டவில்லை என்றதும், 1992-இல் இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார்கள். மருத்துவமனைக்கு அவர் வைத்தது தம் பெயரை அல்ல. தாம் வணங்கிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரை. 2006-இல் அவர் மறைந்தார். வேலை நிற்கவில்லை.

தொண்டின் எதிர்காலம் பற்றி இன்று பலருக்குக் கவலை. இளைஞர்களுக்கு மனம் இல்லை என்கிறோம். வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பது யார்? இளைஞர்கள்தானே! மனம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகும் வேலை தொடர ஏற்பாடுதான் இல்லை. ஒரு நாள் அன்னதானம் புண்ணியம்தான், மறுநாளும் பசிக்குமே! நாள் தவறாமல் செய்வது, கணக்கை ஒளிக்காமல் வைப்பது, அடுத்தவருக்குப் பழக்கிக் கொடுப்பது: இம்மூன்றும் இருந்தால் தொண்டுக்கு அழிவில்லை.

சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையும் தொண்டாகலாம். தாலுகா அலுவலகத்தில், எந்தப் படிவம் என்று தெரியாமல் நிற்கும் பாட்டியை உட்காரவைத்து, தாமே எழுதிக் கொடுக்கிற ஊழியரும் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்தான்.

ஆகவே அன்பர்களே, உங்கள் தெருவில் செய்ய வேண்டிய வேலை ஒன்றை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிறியதாக இருக்கட்டும், விடாமல் செய்யுங்கள். உங்கள் பிள்ளையையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை வேண்டாம். உங்களுக்குப் பின் அதைச் செய்ய ஒருவரைத் தயார் செய்துவிட்டால், அதுவே இறைவனுக்கு நீங்கள் செய்த பூசை.