உணவுத் தூய்மை யாருடைய பொறுப்பு?

2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சபரிமலையில் மகரவிளக்குக் காலம். அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை கூறியதால், கேரள உயர் நீதிமன்றம் அதன் விநியோகத்தை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. ஏலக்காய் சேர்க்காத அரவணை தயாரித்து வழங்கப்பட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எனினும் தேங்கிய டின்கள் பக்தர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

விரதமிருந்து மலையேறி வந்து பெறும் பிரசாதத்திலுமா இந்தக் குறை என்று பக்தர்கள் வருந்துவது இயல்பு. அந்த வருத்தம் எந்தக் கேள்வியில் சென்று முடிகிறது என்பதே முக்கியம். 'இதை இப்படி விளைவித்தவர் யார்?' என்று கேட்டுக் கோபிப்பது எளிது. 'இப்படி விளைவிக்கத் தூண்டியவர் யார்?' என்று கேட்பது கடினம்.

இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்தில், தேனி மாவட்டத்தை ஒட்டிய ஏலமலைகளில் விளைகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் செல்லும் தமிழகத் தொழிலாளர்கள், அவர்களுள் ஏராளமான பெண்கள், அங்கே காய் பறிக்கின்றனர். ஏலச்செடியைத் தாக்கும் இலைப்பேன் என்னும் நுண்ணிய பூச்சி பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. காய் வளரும்போது அந்த இடம் சொரசொரப்பான தழும்பாகிறது. தழும்பு விழுந்த காய்க்குச் சந்தையில் விலை குறைவு. பச்சை மாறாத, பருத்த, மாசற்ற காய்க்கே நல்ல விலை.

ஆகவே விவசாயி மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கிறார். அது இலைப்பேனோடு நிற்பதில்லை. ஏலப்பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீக்களையும் அழிக்கிறது. தேனீ குறைந்தால் காய்ப்பும் குறைகிறது. தெளிப்பானைச் சுமப்பவரின் மூச்சிலும் தோலிலும் அதே மருந்து படிகிறது.

பாலக்காட்டின் தமிழக எல்லையிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள முதலமடையின் மாங்காய், நாட்டின் பிற பகுதிகளை முந்திக்கொண்டு சந்தைக்கு வந்துவிடும். முந்தி வரும் பழத்துக்கு டில்லி, மும்பை போன்ற பெருநகரங்கள் உயர்ந்த விலை தருகின்றன. பூக்கும் காலத்தில் பூச்சி விழுந்தால் ஓராண்டு வருமானம் போய்விடும் என்ற அச்சமே அங்கும் மருந்தைத் தெளிக்க வைக்கிறது. எண்டோசல்பான் என்ற நஞ்சை 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. ஒரு மருந்து போயிற்று. மருந்தைத் தேட வைத்த அச்சமும் ஆசையும் போகவில்லை.

ஆகார சுத்தியே மனத்தூய்மைக்கு வழி என்பது சாந்தோக்ய உபநிடதத்தின் கருத்து. இதை விளக்கும் ஸ்ரீ ராமானுஜர் மரபு, உணவுக்கு மூன்று குறைகளைச் சொல்கிறது. உணவின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் நேர்வது ஆசிரய தோஷம். அழுக்கு முதலியன கலப்பதால் வருவது நிமித்த தோஷம். பூச்சிக்கொல்லி எச்சத்தை நிமித்த தோஷம் எனலாம். நகரவாசி அதற்கு மட்டுமே அஞ்சுகிறார். காய்கறியை உப்புநீரில் ஊறவைக்கிறார், இயற்கை அங்காடியைத் தேடுகிறார். தன் குடும்பத்தின் உடல்நலத்தை நாடுவது தவறன்று. ஆனால் கவலை தன் தட்டோடு முடிந்துவிட்டால், அதுவும் சுயநலத்தின் ஒரு வடிவமே. ஆசிரய தோஷத்தைத் தேடிப் போனால் அது விவசாயியிடம் நிற்பதில்லை. குறைவற்ற தோற்றத்தையும் குறைந்த விலையையும் ஒருங்கே கேட்கும் வாங்குபவரிடமே திரும்பி வருகிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், ஏல இலைப்பேனைக் கட்டுப்படுத்தும் பூஞ்சை ஒன்றை வளர்த்துப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியுள்ளது. நிழல்மரங்களைக் காப்பதும், இலைதழைகளால் மண்ணை மூடுவதும் மலைவாழ் விவசாயி அறிந்த முறைகளே. ஆனால் ஏலம் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கை வேளாண்மைச் சான்று பெற, பொதுவாக 3 ஆண்டு மாறுதல் காலம் வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையக்கூடும். சான்று பெற்ற பொருளுக்குரிய விலையும் கிடைக்காது. அந்த 3 ஆண்டுச் சுமையைச் சிறு விவசாயி ஒருவரே தாங்க வேண்டும் என்பது அறமாகுமா?

நகரத்து ஏழை கூடுதல் விலை தர இயலாது என்பது உண்மை. அவரிடம் அதைக் கேட்பதும் நியாயமன்று. இயன்றவர் மாறுதல் காலத்து விளைபொருளையும் உரிய விலை கொடுத்து வாங்கலாம். கோயில்களும் மடங்களும் அன்னதானக் கூடங்களும் மொத்தமாக வாங்கும் இடங்கள். நைவேத்தியத்துக்கான பொருளைத் தழும்பு பாராமல் அத்தகைய தோட்டங்களிலிருந்து பெற அவை முன்வரலாம். பணமில்லாதவரும் ஒன்று செய்யலாம்: தழும்பு விழுந்த காயை ஒதுக்காதிருக்கலாம்.

ஏலக்காயை வாங்குபவர் அதன் தோலைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தத் தோலை உரித்து எறிந்துவிட்டு, விதையை மட்டும் பொடித்துப் பாயசத்தில் இடுகிறார். எறியப்போகும் தோலின் அழகுக்காக மலையில் ஒரு தொழிலாளி நஞ்சைச் சுவாசிக்கிறார். இதை உணர்ந்து வாங்கும் கையிலிருந்தே ஆகார சுத்தி தொடங்குகிறது.