மேலிருப்பவன் கடமை

மகிழ்ச்சிக்கும் அறத்திற்கும் என்ன தொடர்பு? நண்பர் சிலர் கூடி ஒரு நாளை இன்பமாகக் கழிக்கின்றனர். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. யார் பொருளையும் கவரவில்லை. அங்கே அறநூலுக்கு என்ன வேலை என்று ஒரு மாணவர் கேட்பாராயின், அக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட இயலாது. கடமையைப் பற்றியும் தொண்டைப் பற்றியும் எழுதிக் குவித்துள்ள நாம், விளையாட்டுப் பொழுதில் ஒருவர்க்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை எண்ணிப் பார்க்க, நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வது நல்லது. பழகிய பொருளில் கண்ணுக்குப் படாமல் மறைந்திருக்கும் அறம், பழகாத பொருளில் தெளிவாகப் புலப்படும். பனிச்சறுக்கு அத்தகையதொரு விளையாட்டு.

நிலநடுக்கோட்டை அடுத்து வாழும் நமக்குப் பனிமலை என்பது பெரும்பாலும் படத்தில் கண்ட பொருளே. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று மேற்படிப்பை நாடிக் குளிர்நாடுகளுக்குச் செல்கின்றனர். விடுமுறை வந்தால் உடன் பயிலும் நண்பர்களோடு மலையேறுகின்றனர். ஆதலின் இப்பொருள் நம் இல்லத்திற்கு முற்றிலும் அயலானது என்று சொல்வதற்கில்லை.

இளவேனில் மலை

ஆல்ப்சு மலைத்தொடரிலும் அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்கள் தனி அழகுடையவை. மாரிக்காலத்தில் பெய்த பனி இன்னும் ஆளுயரத்திற்கு மேல் கிடக்கும். ஆனால் கதிரவனின் இளஞ்சூடு உடலுக்கு இதமாய் இருக்கும். தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் பனி இறுகிக் கல்லாகிவிடும். விடியற்காலையில் அதன்மேல் சறுக்குவது கண்ணாடிமேல் நடப்பதை ஒக்கும். பொழுது ஏற ஏற மேற்பரப்பு ஓர் அங்குல அளவு இளகிச் சிறுசிறு மணிகளாகப் பிரியும். மேலைநாட்டார் அதனைச் சோளமணிக்கு ஒப்பிட்டுச் சோளப்பனி என்பர். அந்த ஓரிரண்டு மணி நேரம், கற்றுக்குட்டியும் தன்னைத் தேர்ந்தவனாக எண்ணி மகிழும் நேரம். கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலில் இளகும், அடுத்துத் தெற்கு, பிறகு மேற்கு. மலையறிந்தவர் கதிரவனைப் பின்தொடர்ந்து சரிவுவிட்டுச் சரிவு மாறுவர்.

பிற்பகலில் நிலைமை மாறிவிடுகிறது. உருகிய நீர் உள்ளே இறங்க, பனி ஈரமணலைப் போல் கனக்கும். சறுக்குக் கட்டை அதில் புதைந்து நிற்க, உடல் மட்டும் முன்னே செல்ல, முழங்கால் முறுகும். செங்குத்தான இடங்களில் அடுக்குகளின் பிடிப்புத் தளர்ந்து, சரிவே பெயர்ந்து கீழே வருவதும் உண்டு. எனவே இளவேனில் மலைக்குத் தனியே ஒரு கடிகாரம் உண்டு. காலையில் நண்பனாயிருந்த அதே சரிவு, மாலையில் பகையாகிவிடும்.

இம்மலைக்கு ஐந்தாறு நண்பர்கள் வருவதாகக் கொள்வோம். ஒருவர் நடக்கத் தொடங்கிய நாள் முதல் சறுக்கியவர். ஒருவர் சென்ற ஆண்டுதான் கற்றவர். மற்றொருவர் அச்சத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பவர். கேபிள் கார் எல்லாரையும் ஒரே உயரத்தில் இறக்கிவிடும். ஆனால் திறமையை அது சமமாக்குவதில்லை. நம் கேள்வி இங்கேதான் பிறக்கிறது: இந்த ஏற்றத்தாழ்வுள்ள கூட்டத்தில் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டவர்?

மலையின் சட்டம்

அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-ஆம் ஆண்டில் பத்து ஒழுக்க விதிகளை வகுத்தது. அவற்றுள் மூன்றாவது விதி நம் சிந்தனைக்கு உரியது. பின்னாலிருந்து வருபவர், முன்னால் செல்பவருக்குத் தீங்கு நேராத வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். சரிவில் பின்னால் வருபவர் என்றால் மேலிருந்து வருபவர் என்றே கொள்ளலாம். கீழே இருப்பவர் தடுமாறலாம், திடீரெனத் திரும்பலாம், கற்றுக்குட்டியாக இருக்கலாம். அதைக் கணக்கில் எடுத்து விலகிச் செல்லும் பொறுப்பு மேலிருப்பவருடையது.

இவ்விதி யார் வல்லவர், யாருக்கு அவசரம், யார் அதிகப் பணம் கட்டினார் என்று கேட்கவில்லை. யாரால் பார்க்க முடிகிறது என்ற ஒன்றையே கேட்கிறது. கீழே செல்பவருக்கு முதுகில் கண் இல்லை. மேலிருப்பவர் அவரையும் காண்கிறார். அவர் செல்லும் வழியையும் காண்கிறார். பார்வை எங்கே உண்டோ அங்கே பொறுப்பும் உண்டு என்பதே இவ்விதியின் உயிர். உயரம் உரிமையைத் தரும் என்று நம்பும் உலகில், உயரம் கடமையைத் தருகிறது என்று ஒரு விளையாட்டு கற்பிப்பது வியப்பிற்குரியதன்றோ!

இது ஏட்டுச் சுரைக்காயும் அன்று. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள டியர் வேலி உல்லாசத்தலத்தில் நடிகை குவினத் பால்ட்ரோவும் ஓய்வுபெற்ற கண்பார்வை நிபுணர் ஒருவரும் மோதிக்கொண்டனர். அந்நிபுணர் வழக்குத் தொடுத்தார். நடிகை எதிர்வழக்கு இட்டு ஒரே ஒரு வெள்ளி இழப்பீடு கேட்டார். 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்த விசாரணையில் இரு தரப்பினரும் திரும்பத் திரும்ப வாதாடிய கேள்வி ஒன்றே: மோதலின்போது மேலே இருந்தவர் யார்? நடுவர் குழு நடிகையின் பக்கம் தீர்ப்பளித்தது. புகழும் செல்வமும் ஒருபுறம் இருக்க, மலையில் நிற்கும் இடமே கடமையை முடிவு செய்கிறது என்பதை அவ்வழக்கு உலகறியக் காட்டியது.

சொல்லாத நண்பன்

இனி இவ்விதியைச் சற்று அகலப்படுத்திப் பார்ப்போம். மேலிருத்தல் என்பது சரிவில் நிற்கும் இடம் மட்டுமா? வானிலை அறிவிப்பைப் படித்தவர், படிக்காதவருக்கு மேலே நிற்கிறார். பத்தாண்டு பழகியவர், நேற்றுக் கற்றவருக்கு மேலே நிற்கிறார். பனி கெட்டுவருவதைக் காலடியில் உணர்ந்தவர், உணராதவருக்கு மேலே நிற்கிறார். பார்வையே பொறுப்பைத் தருமாயின், இவர்கள் அனைவரும் பொறுப்புடையவரே. கண்டதைச் சொல்வது இவர்தம் முதற்கடமை.

ஆனால் நண்பர் கூட்டத்தில் கண்டவர் பெரும்பாலும் சொல்வதில்லை. இயன் மெக்கமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் பொழுதுபோக்கிற்காக மலைக்குச் சென்றோர் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்களும், ஆபத்தின் அறிகுறிகள் வெளிப்படையாக இருந்த இடங்களில் சிக்கியிருந்தனர். பழகிய இடம் என்ற நம்பிக்கை, எடுத்த முடிவை விடக்கூடாது என்ற பிடிவாதம், பிறர் பாராட்டை நாடும் ஆசை, தலைவனாகத் தோன்றும் ஒருவனிடம் சிந்தனையை ஒப்படைத்துவிடும் சோம்பல் ஆகியவை அறிவை மழுக்கும் பொறிகளென அவர் விளக்கினார். இவற்றுள் எதுவும் பனியின் குணமன்று. எல்லாம் மனிதரின் குணம்.

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், வாசிங்டன் மாநிலத்தின் சுடீவன்சு கணவாய்ப் பகுதியில் 16 பேர் கொண்ட குழு ஒன்று, உல்லாசத்தலத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள சரிவில் இறங்கியது. அவர்களுட் பலர் தேர்ந்த சறுக்கு வீரர்கள். பனி பெயர்ந்து மூவர் மாண்டனர். கூட்டம் மிகப் பெரிதாயிற்றே, இது சரிதானா என்ற ஐயம் தமக்கு இருந்ததாகப் பின்னாளில் உயிர் பிழைத்தோர் சிலர் கூறினர். ஆயினும் இத்துணை வல்லவர் நடுவில் நாம் மட்டும் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருவரும் எண்ணினர். பதினாறு அறிவு ஒன்று சேர்ந்து ஓர் அறிவாகவும் செயற்படவில்லை.

அந்த நண்பர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்கள் செய்ததை நாமும் நாள்தோறும் கூட்டங்களிலும் குடும்பங்களிலும் செய்கிறோம். இன்பத்தைக் கெடுத்தவன் என்ற பெயரெடுக்க யாருக்கும் விருப்பமில்லை. வள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்களை வகுத்தார். அவற்றுள் இரண்டாவதை நட்பை ஆராய்ந்து கொள்வதற்கே ஒதுக்கினார். ஆராய்ந்து கொண்ட நட்பும் இத்தகைய இடத்தில் மீண்டும் ஒருமுறை ஆராயப்படுகிறது. உடன் சிரிப்பவர் பலர். சிரிப்பு நின்றாலும் நிற்கட்டும் என்று வாய்திறப்பவர் சிலரே.

இரண்டு மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் எழலாம். வந்தவர் அனைவரும் வயது வந்தோர். தம் உயிரைத் தாமே பணயம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நண்பன் ஏன் காவல்காரனாக வேண்டும் என்பது முதல் மறுப்பு. தனிமனித உரிமையைப் பற்றி 1859-இல் நூல் எழுதிய சான் சுடூவர்ட் மில், தன்னை மட்டுமே பாதிக்கும் செயலில் ஒருவனை வற்புறுத்தித் தடுக்கும் உரிமை சமுதாயத்திற்கு இல்லை என்று வாதிட்டார். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அறியாமல் எடுக்கும் முடிவு உரிமையின் பயன் ஆகாது. நாம் கண்டதை மறைத்தால், நண்பரின் உரிமையைக் காத்தவர் ஆகமாட்டோம்; அதனைப் பறித்தவர் ஆவோம். சொல்லிவிட்டு விலகுவது வேறு. சொல்லாமல் விலகுவது வேறு.

மேலும், மலையில் தன்னை மட்டுமே பாதிக்கும் செயல் என்று ஒன்று உண்டா? சுவிட்சர்லாந்தின் நாற்பதாண்டுக் காலப் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, பனிக்குள் முழுதும் புதைந்தவரைப் பத்து நிமிடத்திற்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் ஆகிவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பிழைக்கின்றனர். மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடம் கழிந்துவிடும். மண்வாரியை எடுத்துத் தோண்ட அங்கே நிற்பவர் நண்பர் மட்டுமே. அவன் உயிர் என் கையிலும், என் உயிர் அவன் கையிலும் இருக்கையில், என் முடிவு எனக்கு மட்டும் உரியது என்பது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு: எதற்கெடுத்தாலும் எச்சரிப்பவனோடு யார் மலைக்கு வருவார்? இது நியாயமான கேள்வி. அச்சமே அறமாகிவிட்டால் வாழ்வு சிறைக்கூடமாகும். ஆனால் மூன்றாம் விதியை உற்று நோக்குவோம். கீழே செல்பவனைத் தடுத்து நிறுத்து என்று அது சொல்லவில்லை; மேலிருப்பவன் தன் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றே சொல்கிறது. பிறரை ஆள்வதற்கும் பிறர்பொருட்டுத் தன்னை ஆள்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

ஒரு சிறு காட்சி இதனை விளக்கும். வேகமாகச் செல்லும் நண்பர், மெதுவாக வருபவருக்காக இடையில் நின்று காத்திருப்பார். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், வந்துவிட்டீர்களா, புறப்படுவோம் என்பார். காத்திருந்தவர் நன்றாக இளைப்பாறிவிட்டார். ஓய்வு தேவைப்பட்டவருக்கோ ஒரு நொடியும் கிடைக்கவில்லை. நாள் முழுதும் இப்படியே நடந்தால், வலியவர் மேலும் வலியவராவார். எளியவர் மேலும் தளர்வார். தாம் காத்திருந்த பெருமை மட்டும் வலியவரிடம் மிஞ்சும். காத்திருத்தல் போதாது, களைத்தவர் மூச்சு வாங்கும்வரை உடன் நிற்றல் வேண்டும்.

போதும் என்ற சொல்

கீழிருப்பவருக்கும் கடமை உண்டு. நின்ற இடத்திலிருந்து மீண்டும் புறப்படுபவர் மேலும் கீழும் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. எனக்கு இச்சரிவு இயலாது என்று சொல்வதும் அவருடைய கடமையே. இயலாமையை மறைப்பவர் தம் சுமையை மற்றவர்மேல் ஏற்றுகிறார்.

ஆயினும் அச்சொல்லைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கடினம்! பிற்பகல் மூன்று மணி, கால்கள் சோர்ந்துவிட்டன, பனி கனத்துவிட்டது. இன்னும் ஒருமுறை என்று ஒருவர் அழைக்கிறார். போதும் என்று எளியவர் சொன்னால் அது தோல்வியாக ஒலிக்கும். அதே சொல்லை வலியவர் முதலில் சொன்னால், அனைவருக்கும் விடுதலை கிடைக்கும். அதற்காக அவர் களைத்தவர்போல் நடிக்க வேண்டியதில்லை. பனி கெட்டுவிட்டது, இறங்குவோம் என்றால் அது முழு உண்மை. யாரும் நாணமுறாமல் எல்லாரும் பாதுகாப்பாக இறங்குவர். உச்சியில் நிற்பவரே போதும் என்று முதலில் சொல்ல வேண்டும் என்பது, மூன்றாம் விதியிலிருந்து இயல்பாக விளையும் முடிவாகும்.

இக்கருத்து மலையோடு முடிவதன்று. வகுப்பறையில் ஆசிரியர் எப்பொழுதும் மேற்சரிவில் நிற்பவர். பாடத்தின் முடிவும் அவருக்குத் தெரியும். தடுமாறும் மாணவனின் முதுகும் அவருக்குத் தெரியும். மாணவனுக்கோ அடுத்த அடி மட்டுமே தெரியும். விரைந்து கற்கும் மாணவர்களும் தம் தோழர்களுக்கு மேலேதான் நிற்கின்றனர். புரியவில்லை என்று எளிய மாணவன் எழுந்து சொல்லட்டும் என நாம் காத்திருக்கிறோம். ஐயா, இதை இன்னொரு முறை விளக்குங்கள் என்று நன்கு புரிந்துகொண்ட மாணவனே எழுந்து கேட்டால், பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் நால்வர் நிமிர்வர். அத்தகைய ஒரு மாணவனை உருவாக்குவது, தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெறும் பத்துப் பேரை உருவாக்குவதினும் எளிதன்று. ஆயினும் அதுவே நம் பணியின் பயன் என்று துணிந்து கூறலாம்.