தவணை போட்ட குடியிருப்பு

வீடு கட்டக் கொடுத்த அனுமதி காலாவதியாவது அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தில் ஐந்து ஆண்டாக இருந்த தவணையை 2004ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாகக் குறைத்தது. இலங்கையில் கட்டட அனுமதி வழக்கமாக ஓராண்டுக்குத்தான் செல்லும். பிறகு நீடித்துக்கொள்ள வேண்டும். பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவை. அலைச்சல்தான், ஆனாலும் மலையில் அதற்கு அர்த்தம் உண்டு. கான் அடைபடும், மேலேயிருப்பவர் சரிவை வெட்டுவார், சில மழைக்காலங்களுக்குள் மண்ணின் பிடி மாறிவிடும். தனக்குத் தெரிந்தது இன்றைய நிலவரம் மட்டுமே என்று அதிகாரம் ஒப்புக்கொள்ளும் இடம் அந்தத் தவணை.

கட்ட அனுமதிப்பது வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைத் தோட்டங்களில் இவை இரண்டும் தலைகீழாகக் கிடக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயன்களுக்கு எந்தக் காலக்கெடுவும் இல்லை; உள்ளே இருப்பவரின் குடியிருப்போ வேலையோடு கட்டப்பட்டது. நிலம் அரசுடையது. 1992இல் தொடங்கிய கம்பனிக் குத்தகை 2045 வரை ஓடும். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பல குடும்பங்களுக்கு எழுத்தில் ஒரு நாள்கூட இல்லை. அங்கே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் இருப்பதாக ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. சொல்லியும் ஏன் போகவில்லை என்று அப்போது கேட்டார்கள். போக இடம் இருப்பவரிடம்தான் அந்தக் கேள்வி செல்லும். காணி உறுதி இல்லாதவர் வேறிடத்தில் கட்ட மனுப் போடவே முடியாது. பிழைத்தவர்களுக்குப் பூனாகலையில் 75 வீடுகள் கிடைத்தது 2016 ஒக்டோபரில்.

எதுவுமே நிலையில்லாதபோது உறுதிக்காக ஏன் அழ வேண்டும் என்று பௌத்தரும் சைவரும் கேட்கலாம். வள்ளுவர் நிலையாமையைத் துறவறவியலில் வைத்தார். விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். விருந்தினரை அழைக்க வாசல் வேண்டும், அந்த வாசல் நாளைக்கும் தன்னுடையது என்ற தெம்பும் வேண்டும். நிலையாமை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பாடம். காணிக்காரர் குடியிருப்பவரிடம் அதைச் சொன்னால் அதற்குப் பெயர் ஞானமல்ல. இன்னொரு மறுப்பு கனமானது: நிரந்தர உரிமை கொடுத்தால் ஆபத்தான சரிவிலேயே மக்கள் ஒட்டிக்கொள்வார்களே? லயன் காம்பராவை விட்டால் வேறொன்றும் மிஞ்சாது என்ற பயம் இருக்கும்வரை இன்றும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்லும் உரிமை அந்த மண்ணோடு கட்டுப்பட்டதல்ல. ஆளோடு கூடவே பாதுகாப்பான நிலத்துக்கு வர வேண்டியது. ஆகவே ஒரு லயனை அபாய வலயம் என்று குறிக்கும் அறிக்கையோடு மாற்றுக் காணியின் உறுதியும் அந்தக் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும். அரசும் கம்பனியும் அதற்கு 2045 வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.