களிம்பும் மணலும்

மண்தரையில் ஓடும், ரேடியோவால் இயக்கப்படும் ஆர்.சி. டிரக்கின் உயிர்நிலை இரண்டு பல்சக்கரங்கள் சந்திக்கும் இடம். மோட்டாரின் அச்சில் ஏறியிருக்கும் சிறிய எஃகுச் சக்கரம் பினியன். அது கடித்துச் சுழற்றும் பெரிய சக்கரம் ஸ்பர் கியர். ஸ்பர் கியர் பெரும்பாலும் நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக்குகளில் ஒரு பல்லின் உயரம் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த இடுக்கில் மணல் சிக்கினால் பல் தேயும் என்பது யாருக்கும் தெரிந்ததே. மணலே புகாமல் காத்துவிட்டால் பல் தேயாமல் இருக்குமா என்று கேட்டால், பட்டறையைத் தாண்டிய பழைய வழக்கு ஒன்று எழுகிறது: மாசு வெளியிலிருந்து வந்து ஒட்டுவதா, பொருளோடு உடன்பிறந்ததா? மனத்தையும் உயிரையும் பற்றிச் சமயங்கள் நெடுங்காலம் வாதாடியது இதைத்தான்.

முதலில் மணலைப் பார்க்க வேண்டும். ஆற்று மணலிலும் மைதான மண்ணிலும் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரணக் கத்தியின் எஃகு ஏறக்குறைய 5.5. அதனால் ஒரு துகள் பற்களுக்கு நடுவே நுழைந்தால் இரண்டையும் கீறும். பிளாஸ்டிக்தான் முதலில் அழியும் என்று நினைக்கத் தோன்றும்; பல நேரங்களில் நடப்பது வேறு. மென்மையான பிளாஸ்டிக் பல்லில் துகள் புதைந்து நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தப் பல் உப்புத்தாள் போல ஆகி, எதிரே வரும் எஃகுப் பல்லை ஒவ்வொரு சுற்றிலும் சுரண்டுகிறது. டிரக்கைப் பிரித்துப் பார்க்கும்போது ஸ்பர் கியர் நல்ல நிலையில் தெரியும். பினியனின் பற்களோ சுறாவின் துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருக்கும். வெறுங்கண்ணால் பிளாஸ்டிக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது தவறு.

இதற்கு எளிய விடை மூடி வைப்பது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1979இல் வெளியிட்ட சாண்ட் ஸ்கார்ச்சர் காரில், ரேடியோக் கருவிகள் நீர் புகாத ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்டன. இன்றைய டிரக்குகளில் ஸ்பர் கியருக்கு உறை, பேரிங்குகளுக்கு ரப்பர் சீல், இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரன்ஷியலுக்கு அடைப்பு வளையம் எல்லாம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் உலர்ந்த பிரஷால் தட்டி, காற்றடித்து மண்ணை அகற்றுவது வழக்கம். மாசு வந்தேறி, துடைத்தால் போகும் என்ற நம்பிக்கைதான் இதன் அடிப்படை. சீன ஜென் மரபில் இந்த நம்பிக்கைக்கு ஒரு புகழ்பெற்ற வடிவம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஐந்தாம் குருவான ஹோங்ரென்னின் மடத்தில், மூத்த சீடர் ஷென்சியு மனத்தைக் கண்ணாடியாகக் கண்டார். தூசு படியாமல் நாள்தோறும் துடைப்பதே சாதனை என்றார். நெல் குத்தும் கொட்டகையில் வேலை செய்த ஹுயினெங் அதை மறுத்தார்: அடிப்படையில் எதுவுமே இல்லாதபோது தூசு எதன்மேல் படியும் என்பது அவர் கேள்வி. மரபு ஹுயினெங்கை ஆறாம் குருவாக ஏற்றுக்கொண்டது. கருத்தாக அவர் கேள்வி ஆழமானது. பல்சக்கரத்துக்கு அது உதவாது. சக்கரம் உண்மையாகவே இருக்கிறது, தேய்கிறது.

ஷென்சியுவின் கண்ணாடியும் முழுதாகப் பொருந்துவதில்லை. அதைக் காட்டுவது டிஃபரன்ஷியல். சீல் உடையாத, ஒரு துகள் மணலும் நுழையாத டிஃபரன்ஷியலைப் பல மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு திறந்தால், தண்ணீர் போலத் தெளிவாக ஊற்றிய சிலிக்கான் எண்ணெய் சாம்பல் நிறத்தில் வழிகிறது. விரலில் தொட்டுத் தேய்த்தால் மினுமினுக்கும். அது உள்ளே இருந்த சக்கரங்களே உதிர்த்த உலோகப் பொடி.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்தின் உவமை கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிலைநாட்டிய அந்த மரபு, உயிரின் மாசை மலம் என்றழைத்து, ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகப் பிரிக்கிறது. கன்மமும் மாயையும் பின்னர் வந்து சேர்ந்தவை. ஆணவம் மட்டும் சகசம், செம்பில் களிம்பு போல உயிரோடு உடனிருப்பது. களிம்பு உண்டாகக் காற்றும் ஈரமும் வேண்டும் என்று வேதியியல் சொல்லும். அதனால் உவமை பழுதாவதில்லை, இன்னும் கூர்மையாகிறது. தனியே மேசைமேல் கிடக்கும் கியர் தேய்வதில்லை. இன்னொரு சக்கரத்தோடு சேர்ந்து சுமையை இழுக்கும்போதுதான் பொடி உதிர்கிறது. சக்கரமாகப் பயன்படுவதும் தேய்வதும் ஒரே செயல். அதை எந்த உறையாலும் தடுக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது என்று சித்தாந்தம் சொல்வதும் இத்தகைய நிதானம்தான்.

வேகத்தைக் குறைக்கும் முதல் வழி பற்களின் இடைவெளியைச் சரியாக வைப்பது. இரு சக்கரங்களுக்கும் நடுவே மெல்லிய தாள் துண்டைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை முடுக்கி, தாளைச் சுழற்றி வெளியே எடுத்தால் தேவையான சிறு ஆட்டம் கிடைக்கும். ஸ்பர் கியர் முழு வட்டமாக இருப்பது அரிது. நாலைந்து இடங்களில் சோதிப்பது நல்லது. இறுகிப் பிடித்தால் சூடேறும், தளர்ந்தால் நுனிகள் மட்டும் கடித்து முறியும். பற்களின் எண்ணிக்கையும் பேசும். 20 பல் பினியனும் 80 பல் ஸ்பர் கியரும் சேர்ந்தால், பினியனின் ஒரு பல் எப்போதும் அதே நான்கு பற்களைத்தான் சந்திக்கும். ஒன்றின் குறை அந்த நான்கையே தின்னும். 19க்கு 86 என்றால் இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லை. பினியன் 86 முறை சுழன்ற பிறகுதான் அதே இணை மீண்டும் சந்திக்கும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும்.

இரண்டாவது வழி கிரீஸ், அது மாயையைப் போன்றது. மாயையும் ஒரு மலம்தான், மலத்தை மலத்தால் கழுவுவது எப்படி என்ற வினாவுக்குச் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் வண்ணாரத் தொழிலைக் காட்டுகிறார்: துணியின் அழுக்கைப் போக்கச் சாணியும் உவர்மண்ணும் ஏற்றப்படுகின்றன. கிரீஸும் ஒரு பிசுக்குதான். மூடிய டிஃபரன்ஷியலின் உலோகச் சக்கரங்களுக்கு அது காப்பு. திறந்த பிளாஸ்டிக் ஸ்பர் கியரில் தடவினால் மணலை ஈர்த்துப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். இடம் தெரியாமல் பூசுவதைவிடப் பூசாமல் விடுவது மேல்.

உவமைக்கு எல்லையும் உண்டு. உயிர் அறிவுடையது, தன் மலத்தை உணரக்கூடியது, சக்கரம் சடம். ஆனால் இரண்டும் தம்மைத் தாமே துப்புரவாக்கிக்கொள்ள முடியாதவை. சித்தாந்தத்தில் அதற்கு இறைவன் அருள் வேண்டும், டிரக்குக்கு ஒருவர் உட்கார்ந்து நாலு திருகைக் கழற்ற வேண்டும்.

கழற்றியவர் தேய்ந்த ஸ்பர் கியரை மட்டும் மாற்றிப் பழைய பினியனை விட்டுவைப்பதுண்டு. பெருங்காயம் தீர்ந்த டப்பாவில் வாசம் நிற்பதுபோல, பழைய தேய்வின் வடிவம் அந்தப் பினியனில் நிற்கிறது. புதிய பற்களைச் சில ஓட்டங்களிலேயே தன் வடிவுக்கு வெட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.