அதுவாகத்தான் இழுத்தது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர். அமெரிக்கா போய்த் திரும்பும்போது பேரனுக்கு ஒரு மாடல் ரயில் செட் வாங்கி வந்தார். பொம்மை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அசல் இன்ஜினை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிய சமாசாரம். ஹெச்.ஓ. என்று பெயர். தண்டவாளத்திலேயே கரன்ட் ஓடும். அது சக்கரம் வழியாக ஏறி மோட்டாருக்குப் போகும்.

வந்த அன்றே வீட்டு பிளக்கில் செருகினார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஏர்போர்ட்டில் வாங்கிய பின் மாற்றும் கட்டை பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பவர் பேக் புகைந்து செத்தது. பேரன் அழ, வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப் சார்ஜரைத் தேடி எடுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் தம்பி அதைத் திருப்பிப் பார்த்தார். 19 வோல்ட், 4.74 ஆம்பியர்.

“ஏனுங்க, இத்தனை ஆம்பியரை இந்தப் பூச்சி தாங்குமுங்களா?”

பயம் சரி. காரணம்தான் தப்பு. நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட்டுக்கு அப்பால் எனக்குப் புரிந்த மின்சாரம் கொஞ்சம்தான், ஆனாலும் இது புரிந்தது. சார்ஜரில் எழுதியிருக்கும் ஆம்பியர், ‘இவ்வளவு வரை என்னால் தர முடியும்’ என்கிற கொள்ளளவு. ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஒரு லட்சம் லிட்டர் இருக்கிறது என்பதற்காக உங்கள் வீட்டுச் சொம்பு உடைந்துவிடாது. இன்ஜின் தனக்கு வேண்டிய அரை ஆம்பியரோ, இன்னும் குறைவோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியல்ல. அது அழுத்தம். எவ்வளவு என்று தீர்மானிப்பது கொடுப்பவன் கை.

முதலாளி யார் பேச்சையும் கேட்கவில்லை, செருகினார். 12 வோல்ட்டுக்குச் செய்த இன்ஜின் 19 வோல்ட்டில் ஓடவில்லை, பறந்தது. பேரன் கைதட்டினான். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓர் உறுத்தல். அந்த மோட்டாருக்குள் யாரும் கரன்ட்டைத் திணிக்கவில்லை. அழுத்தம் கூடியது, மோட்டார் கூடுதலாக இழுத்தது. அதுவாகத்தான் இழுத்தது.

இப்போது கம்பெனிக்குள் வாருங்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் என்பது சர்வசாதாரணமான வார்த்தை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுவார். ஷிப்மென்ட் நெருங்கினால் அந்தக் கணக்கும் கிடையாது. கேட்டுப் பாருங்கள். “நாங்களா ஓட்டச் சொல்றோமுங்க? பீஸ் ரேட்டுங்க. அவிங்களே ஓட்டறாங்க” என்பார்கள்.

பொய் இல்லை. மெஷினில் இருப்பவரிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். “ரூமுக்குப் போய் சும்மா என்னண்ணே பண்றது? ஓட்டுனா காசு.” தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். ஊரில் தங்கை கல்யாணக் கடன் இருக்கும். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சம்மதம் இருக்கிறது, சந்தோஷமும்கூட இருக்கலாம். அப்புறம் நமக்கென்ன வழக்கு?

ஒருவர் தானே விரும்பிச் செய்கிறார் என்பதாலேயே, அந்த விருப்பத்தை உண்டாக்கிய அழுத்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்பது என் கட்சி. ஒரு பீஸுக்கு எவ்வளவு என்ற எண்ணை எழுதியவர் தையல்காரர் அல்ல. எட்டு மணி நேர உழைப்பில் வாடகையும் வட்டியும் அடங்காதபடி அந்த எண் இருந்தால், பன்னிரண்டு மணி நேரத்தை அவரேதான் கேட்டு வாங்குவார். 19 வோல்ட்டில் மோட்டார் கேட்டு வாங்கியது போல. (பிளஸ் டூ பிள்ளை வீட்டில் இருக்கிறதா? ‘நாங்க ஒண்ணும் சொல்றதில்லை, அவனாத்தான் விடிய விடிய படிக்கிறான்’ என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.)

1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஒரு வரம்பு எழுதியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நம் சட்டசபையில் நிறைவேறியபோது, ‘தொழிலாளர் விரும்பினால்தான்’ என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது வாபஸ் ஆனது. விருப்பம் என்ற வார்த்தையை அத்தனை சங்கங்களும் சந்தேகித்ததில் அர்த்தம் இருக்கிறது.

முதலாளிக்கும் மேலே ஒரு வயர் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். பையர் சொன்ன தேதிக்குக் கப்பலில் ஏறாவிட்டால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபம் அதிலேயே போய்விடும். நியாயம்தான். ஆனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கும் 11,000 வோல்ட்தான் வருகிறது. அதை இறக்கி 230 ஆக்கித் தருவதால்தான் உங்கள் மிக்ஸி உயிரோடு இருக்கிறது. மேலே வாங்கியதை முதலாளி மேனேஜரிடமும், மேனேஜர் சூப்பர்வைசரிடமும் அப்படியே தள்ளிவிட்டால், கடைசி மெஷினில் இருக்கும் பெண்ணுக்குப் போய்ச் சேர்வது எத்தனை வோல்ட்? ‘இந்தத் தேதிக்கு முடியாது’ என்று ஆர்டரை விட்டவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களுக்குப் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர்.

இன்ஜினோடு வரும் தாளில் 12 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். பனியனின் விலாத் தையலில்கூட ஒரு லேபிள் இருக்கிறது: 30 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஆகாது, ப்ளீச் ஆகாது. அந்த லேபிளை நாளெல்லாம் வைத்துத் தைக்கிறவருக்கு எது ஆகாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

சொன்னால் என்ன நடக்கிறது? மாடல் ரயில் தடம் புரண்டால் இரண்டு தண்டவாளமும் ஒட்டி ஷார்ட் ஆகும். சார்ஜரின் அந்த 4.74 ஆம்பியர் அப்போதுதான் ஆபத்து, முழுசும் பாய்ந்து பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அதற்காக நடுவில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போடுவார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடிக்கடி ஃபியூஸ் போனால், ஏன் போகிறது என்று பார்க்க மாட்டோம். தடிமனாக ஒரு கம்பியைச் சுற்றிவிடுவோம். “முடியலைங்க” என்று எழுந்த பெண்ணுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, முடிகிற ஒருத்தியை அதே ஸ்டூலில் உட்காரவைப்பார்கள். லைன் நிற்காமல் ஓடும். ஃபியூஸ் போகவே போகாது.